அஞ்சு பல்பு வீடு

எங்க வேங்கிக்கால்ல யாராவது மாடியில சோலார் போட்டா, "பில் எவ்வளவு குறையுது?"ன்னுதான் கேப்பாங்க. 2012ல கேள்வியே வேற மக்களே: "கரண்ட் எப்ப வரும்?" சென்னையைத் தாண்டினா பல ஊர்ல ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல கட். வசதி இருந்தவங்க இன்வெர்ட்டர் வாங்கினாங்க, மத்தவங்களுக்கு பனையோலை விசிறி.

அந்த நேரத்துலதான் 2011ல தமிழக அரசு அறிவிச்ச பசுமை வீடுகள் கிராமங்கள்ல எழும்பிட்டு இருந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் செலவு. அதுல 30,000 சோலார் விளக்குக்கு. வீட்டுக்கு அஞ்சு சிஎஃப்எல்.

அஞ்சுதானான்னு சிரிக்காதீங்க :-) 60 வாட் குண்டு பல்பு அஞ்சுன்னா 300 வாட். அதே வெளிச்சத்துக்கு சிஎஃப்எல் சுமார் 70 வாட். அதனாலதான் சின்ன பேனல், சின்ன பேட்டரியே போதுமா இருந்தது. முதல்ல தேவையைக் குறைச்சாங்க, அப்புறம் பேனல்.

மாடி வீட்டுக்காரங்க இதைத் தலைகீழா பண்றாங்க. பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். பழைய 75 வாட் ஃபேன் அப்படியே சுத்த, மேல 3 கிலோவாட் பேனல். 2024ல வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல அதுக்கு 78,000 மானியம் வேற.

பேட்டரி இல்லாத சோலார், லைன்ல கரண்ட் போனா தானும் நின்னுடும். கம்பத்துல ஏறுற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! 2012 கட்டுல பசுமை வீட்டுல எரிஞ்ச அந்த அஞ்சு பல்பு, இந்த 3 கிலோவாட் வீட்டுல எரியாது.