கொடைக்கானல் மலைச்சாலையும் மின்சாரப் பேருந்தும்

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கிளம்பும் பேருந்து வத்தலக்குண்டு வரை சமவெளியில் ஓடி, பின் மலையேறி ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலை அடைகிறது. கோடையில் கொளுத்தும் ஊரும், மார்கழி, தையில் புல்வெளிகளில் உறைபனி படியும் ஊரும் ஒரே தடத்தின் இரு முனைகள்.

19ஆம் நூற்றாண்டில் பெரியகுளம் பக்கமிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் மேலே சென்றனர். சுமந்தவர்களின் தோள்வலிதான் அன்றைய எரிபொருள். முதல் உலகப் போர்க் காலத்தில் லாஸ் காட் சாலை மோட்டார் வண்டிகளுக்கு வழிவிட்டது. பிற்காலத்தில் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் இப்பகுதிப் பேருந்துகளை இயக்கியது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு அதுவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெயர் மாறினாலும் டீசல் மாறவில்லை.

மின்சாரத்துக்கு மாறுவதில் முதல் சிக்கல் ஏற்றம். 15 டன் எடையுள்ள வண்டியை 1,850 மீட்டர் உயர்த்த மட்டுமே சுமார் 75 யூனிட் மின்சாரம் செலவாகும். உராய்வு, காற்றுத்தடை, மோட்டார் இழப்பு எல்லாம் தனி. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் மேலே முழுவதும் சார்ஜ் ஏற்றிய மின்கலத்தில் அதைச் சேமிக்க இடமிராது. குளிர்ந்த லித்தியம் மின்கலமும் மின்னேற்றத்தை மெதுவாகவே ஏற்கும். உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால் உலோக லித்தியம் எதிர்மின்முனையில் படிந்து மின்கலம் கெடும்.

இந்தியாவில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இமாச்சலப் பிரதேசம். ரோதங் கணவாய்க்குச் செல்லும் வாகனங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்படுத்திய பின், 2017 செப்டம்பரில் மணாலியிலிருந்து அங்கு மின்சாரப் பேருந்து ஓடியது. எனினும் அக்கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்படும். எனவே அந்த வெற்றி உயரத்தை வென்ற கதையே, கடுங்குளிரை வென்ற கதை அல்ல. கடுங்குளிரில் ஆஸ்லோ நகரின் மின்சாரப் பேருந்துகளே 2023-24 குளிர்காலத்தில் திணறி, பல நடைகள் ரத்தாயின. அங்கே பயணிகளுக்கு வெப்பமூட்டவும் மின்சாரம் வேண்டும். டீசல் எஞ்சினின் வீண்வெப்பம் இங்கே கிடையாது.

கொடைக்கானலின் குளிர் அவ்வளவு கொடியதல்ல. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதால் புகையில்லாப் பேருந்துக்கான தேவையும் கூடியிருக்கிறது. சுற்றுலாத் தடங்களில் அதைத் தொடங்குவது எளிது. மேல்மலைக் கிராமத்தில் இரவு தங்கி விடியலில் கிளம்பும் பேருந்துதான் கடினமான சோதனை. அது நிற்கும் இடத்தில் பணிமனையோ சார்ஜரோ கிடையாது. பூண்டு மூட்டைக்காரருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் மருத்துவமனை போகிறவருக்கும் காலையில் அந்த ஒரு வண்டிதான்.