பழையனூர் நீலிக்கு யார் ஜாமீன்?

அரக்கோணம் லோக்கலில் நானும் நண்பனும் சண்டை போட்டுக்கொண்டே போனோம். விஷயம் ரொம்பப் பழசு. ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவல் (1977) பெரிசா, ஸ்டான்லி குப்ரிக்கின் படம் (1980) பெரிசா? கிங்குக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. நண்பன் நாவல் கட்சி. "எழுதினவனுக்கே பிடிக்கலைன்னா அப்புறம் என்னடா படம்?" என்றான். நான் குப்ரிக் கட்சி. திருவள்ளூர் தாண்டியும் முடிவு வரவில்லை. திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் உறைத்தது: மூலக் கதைக்கு விசுவாசமாக இருப்பதா வேண்டாமா என்ற இந்தச் சண்டையைத் தமிழில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் இருந்த பேயின் ஊருக்குத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

திருவாலங்காடு இன்றைக்குத் திருத்தணி தாலுகாவில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பக்கமெல்லாம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். கோயில் வடாரண்யேசுவரர் கோயில், நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. பக்கத்து ஊர் பழையனூர். வரலாற்று ஆட்களுக்கு இந்த ஊர் செப்பேட்டால் பழக்கம். 1905-இல் கிடைத்த 31 ஏடுகள், ராஜேந்திர சோழன் காலத்தவை. பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஆனால் பழையனூர் என்றதும் என் பாட்டிக்குச் செப்பேடு ஞாபகம் வராது. நீலிதான் வருவாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்துப் பிராமணன் ஒருவன் காசிக்குப் போன இடத்தில், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். ஊருக்குக் கூட்டிவரும் வழியில் ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் பேய். வணிகனிடம் பேய் அண்டாத வாள் ஒன்று இருக்கிறது. அதனால் நேரடியாக நெருங்க முடியவில்லை. அவள் ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பழையனூர் வேளாளர் 70 பேர் கூடியிருக்கும் சபைக்குப் போய், "இவர் என் புருஷன், என்னை விட்டுட்டு ஓடுறார்" என்று அழுகிறாள். அவன் நடுங்கிக்கொண்டு, "இவ மனுஷியே இல்லை, பேய்" என்கிறான். கள்ளிக்குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபைக்கு அது போதும். ராத்திரி அவளோடு தங்கு, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் ஜாமீன் என்று சொல்லி, வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடிந்தபோது அவன் கிழிந்து கிடக்கிறான். 70 பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். தீப்பாய்ந்த மண்டபம் இன்றும் இருக்கிறது. சிவன் அங்கே சாட்சி பூதேசுவரர்.

இது எவ்வளவு பழைய கதை? ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில் இதைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார். அப்படித் தொட்டாலே போதும் என்றால், கேட்கிறவனுக்குக் கதை முன்பே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்தில் 70 பேரின் தியாகத்தை வேளாளர் பெருமையாகவே எடுத்து வைக்கிறார். சைவ மரபில் இந்தக் கதையின் ஹீரோ நீலி இல்லை. ஹீரோ ஜாமீன் கொடுத்தவர்கள். பேய் வந்து அவர்களுடைய வாய்மையைச் சோதித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

இந்த இடத்தில்தான் ஒரு சமண எழுத்தாளர் உள்ளே வருகிறார். பெயர் தெரியாது. 'நீலகேசி', ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று, பத்தாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்பார்கள். அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். பாஞ்சால நாட்டில் ஒரு சுடுகாடு, பக்கத்தில் காளி கோயில். முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் அங்கே உயிர்ப்பலியை நிறுத்திவிடுகிறார், மண்ணால் செய்த உருவத்தை வைத்தால் போதும் என்கிறார். காளிக்குக் கோபம். தன்னால் முடியவில்லை என்று தெற்கேயிருந்து ஆள் கூப்பிடுகிறாள். யாரை? பழையனூர் நீலியை! அவள் வந்து உருமிப் பார்க்கிறாள், மிரட்டிப் பார்க்கிறாள், இளவரசி வேஷத்தில் மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. கடைசியில் நீலி அவரிடம் பாடம் கேட்டுச் சமணத்துக்கு மாறி, நீலகேசி என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் வாதம் செய்யக் கிளம்பிவிடுகிறாள். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராக. சுமார் 900 பாட்டு. கொலைக் கதையில் ஆசிரியருக்கு அக்கறையே இல்லை.

இதை முதன்முதலாகப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்தில் பேயைத் தத்துவப் பேராசிரியர் ஆக்கியது மாதிரி! குப்ரிக் கிங்குக்குச் செய்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எங்கள் வேலையில் இதை ஃபோர்க் என்போம். மூல நிரலை அப்படியே எடுத்து, நம் போக்கில் வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவது.

சிரிப்பு அடங்கின பிறகு இன்னொன்று தெரிந்தது. நீலகேசி எழுந்ததே குண்டலகேசிக்குப் பதிலாக. குண்டலகேசி பௌத்தக் காப்பியம், இன்று 19 பாட்டுதான் மிச்சம். அதன் நாயகியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் காதலித்துக் கட்டிக்கொண்ட கள்வன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளப் பார்க்கிறான். கடைசியாக உங்களை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சுற்றி வந்து, அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவி ஆகிறாள், வாதங்களில் ஜெயிக்கிறாள். 1950-இல் மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'யின் மலை உச்சிக் காட்சி இதிலிருந்து வந்ததுதான். ஆக நீலகேசியில், குண்டலகேசி வாதம் என்ற பகுதியில், புருஷனைக் கொன்ற இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆன்மா உண்டா இல்லையா என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கொலைகளைப் பற்றி யாரும் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு காட்சி இருக்கிறது, சொல்லுங்கள்.

தெற்கே போனால் கதை மறுபடி மாறுகிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் நீலி முந்தைய பிறவியில் ஒரு தாசி. காசு கரைந்த பிராமணன் அவளை மடியில் தூங்கவைத்து, தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பக்கத்தில் நிற்கும் கள்ளிச்செடியைச் சாட்சி வைத்து அவள் உயிரை விடுகிறாள். கடைசியில் பழி தீர்த்துவிட்டு இசக்கி அம்மனாக நிற்கிறாள், கையில் பிள்ளையோடு. வடக்கே 70 பேரின் தியாகம் முக்கியம். இங்கே அவள் ஏன் பேயானாள் என்பதுதான் முக்கியம். அதைப் பாடத்தான் ராத்திரி முழுக்க நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் சந்தேகம் இதுதான். நம் பேய்ப்படங்களின் இன்டர்வெலுக்கு அப்புறம் வரும் அந்த ஃப்ளாஷ்பேக், ஹாலிவுட்டிலிருந்து வந்ததே இல்லை. 'சந்திரமுகி'யில் (2005) ஒரு நடனக்காரி, 'காஞ்சனா'வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை, 'அரண்மனை'யில் (2014) செல்வி. எல்லாப் பேய்க்கும் ஒரு நியாயம் உண்டு. ஷைனிங்கின் ஓட்டல் ஏன் கெட்டது என்று கேட்டால் குப்ரிக் முழுசாகப் பதில் சொல்ல மாட்டார். நம் ஊரில் பதில் சொல்லாமல் படத்தை முடித்தால் தியேட்டர்காரன் அடிவாங்குவான். விதிவிலக்கு புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. அவள் யார், ஏன் வந்தாள் என்று அவர் கடைசி வரை சொல்வதில்லை. லாரன்ஸ் படத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர ஒன்றுமில்லை. 2025-இல் மலையாளத்தில் வந்த 'லோகா'வில் கள்ளியங்காட்டு நீலி சூப்பர் ஹீரோவே ஆகிவிட்டாள். நண்பன், "கதையைக் கெடுத்துட்டாங்க" என்றான். நீலகேசிக்காரர் இதைவிட அதிகம் கெடுத்தார் என்றேன்.

ஆலங்காட்டில் இன்னொரு பேய் உண்டு. நீலிக்குப் பக்கத்து வீடு மாதிரி. காரைக்கால் அம்மையார், ஆறாம் நூற்றாண்டு என்பார்கள். புருஷன் பரமதத்தன் இவளிடம் தெய்வத்தன்மை இருக்கிறது என்று பயந்து ஓடிப்போய், வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். தேடி வந்தபோது காலில் விழுகிறான். அவள் தன் சதையை உதறிப் பேயுருவம் வாங்கிக்கொள்கிறாள். தலையால் நடந்து ஆலங்காடு வந்தாள் என்பது புராணம். 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் இளம் வயதில் லட்சுமி, பிறகு கே.பி. சுந்தராம்பாள். நல்ல படம்தான். ஆனால் மூத்த திருப்பதிகத்தில் அம்மையார் எழுதியிருக்கும் சுடுகாடு அதில் இல்லை. அங்கே ஒரு பெண்பேய் கள்ளிக் கிளையின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எரிகிற கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. பிறகு சுடலைத் தீ தன்மேல் பட்டதும் கோபித்துக்கொண்டு மண்ணை வாரி அதன்மேல் போடுகிறது. 1400 வருஷத்துக்கு முந்தைய மேக்கப் காட்சி. அந்தக் கள்ளியும் நீலி ஒடித்த கள்ளியும் ஒரே காட்டில் முளைத்தவை.

ஓடிப்போன புருஷன் ஒருத்திக்கு, கொன்ற புருஷன் இன்னொருத்திக்கு. ஒருத்தியைக் கோயிலுக்குள் வைத்தார்கள். இன்னொருத்தியின் பெயரில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: நீலிக்கண்ணீர். ஏமாற்றுக்கு அழும் அழுகை.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டபோது எனக்கு 9 வயது. அத்தை புருஷன் வீட்டிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திண்ணையில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என்னைக் கொன்னுடுவார்ணே, பயமா இருக்கு" என்றாள் அத்தை. மாமா தலை குனிந்து நல்ல பிள்ளையாக நின்றார். ஒருத்தர், "நாங்க இருக்கோம்ல, ஒன்னும் ஆகாது, போம்மா" என்றார். இன்னொருத்தர் பக்கத்திலிருந்தவரிடம், "நீலிக்கண்ணீர்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. இரண்டு மாசத்தில் அத்தை இடது கையில் கட்டோடு நாலாவது முறையாக வந்தாள். திண்ணையில் அதே நாலு பேர், சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பழையனூர்க் கதையைப் பிற்பாடு முழுசாகப் படித்தபோது எனக்கு இடித்த இடம் இதுதான். பயந்து நடுங்கும் ஒருவரை, எதற்குப் பயப்படுகிறாரோ அதனிடமே ராத்திரிக்கு அனுப்பி வைக்கிறது ஒரு சபை. கையிலிருந்த வாளையும் பிடுங்கிக்கொள்கிறது. கதையில் அது ஆண் என்பதால் அந்த அநியாயம் பளிச்சென்று தெரிகிறது. அந்த 70 பேர் செய்தது தப்புத் தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனாலும் தீப்பாய்ந்த மண்டபத்தின் முன்னால் நின்றபோது என்னால் அவர்களை வெறுக்க முடியவில்லை. நண்பன், "செல்ஃபி எடுக்கவா?" என்றான். வேண்டாம் என்றேன்.

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், 61 வயது. பேய்ப்படம் என்றால் உயிர். டிவியில் 'அரண்மனை' எத்தனையாவது முறை போட்டாலும் உட்கார்ந்துவிடுவாள். ஃப்ளாஷ்பேக் வரும்போது அவளிடம் யாரும் பேசக் கூடாது. அது முடிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கிளைமாக்ஸ் பார்க்கலையா என்று ஒரு நாள் கேட்டேன்.

"இனிமே சாமியார் வந்து அவளைப் புடிச்சுக் கட்டுவாரு. அதை எதுக்குடா பாக்கணும்" என்றாள்.