ரேஸ் இறங்காத வண்டி

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கம் ஓடுகிற பழைய காரில் ஆக்சிலேட்டர் சிக்கினால், வண்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும். அரியலூரில் கார்புரேட்டர் வேலை பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. பள்ளம் தோண்டினால் இன்றைக்கும் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாக வகுத்தார். பின்னால் வந்தவர்கள், அரியலூர்த் தொகுதிக்குள் சிப்பி அடைந்து கிடக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்குக்குக் கல்லங்குறிச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கல்தான் சிமெண்டுக்கு மூலப்பொருள். 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. 1979இல் அரியலூரிலேயே அரசு சிமெண்டு ஆலை வந்தது. ஆலை வந்ததும் இன்ஜினியர்களும் கான்ட்ராக்டர்களும் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே வாடகைக் கார்களும் வந்தன.

அந்த நாளில் கார் என்றால் அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சாக வைத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958இலிருந்து வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்த வண்டி அது. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் 1489 சி.சி. பானெட்டைத் திறந்தால் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போல இடம் இருக்கும். மெக்கானிக்குக் கொண்டாட்டம்தான்; ஆனால் புழுதிக்கும் அதே இடம்தானே! சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் போன வண்டியில் லிங்கேஜ் மூட்டுகளெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். வெறும் மண் தூசி என்றால் தட்டிவிடலாம். ஆலைப் பக்கம் படிகிற சிமெண்டுத் தூசியில் மார்கழிப் பனி பட்டால் இறுகிப்போகும். ஆயில் கசிவோடு சேர்ந்தால் சாணைப் பசையாக மாறி, அது படுகிற இரும்பையெல்லாம் தின்னும்.

அதிலும் ராம நவமித் திருவிழா நெருங்கினால் டாக்சிக்காரர்கள் பட்டறையில் வரிசை கட்டுவார்கள். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலை வடிவில் இல்லை, கல் கம்பமாக நிற்கிறார். காணாமல் போன சினைப்பசு அந்தக் கம்பத்தடியில் பால் சொரிந்து நின்றதைக் கண்ட மங்கான் படையாச்சியின் கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். விவசாயிகள் தானியமும் மாடும் காணிக்கையாகக் கொண்டுவரும் கோயில் அது. அந்தத் திருவிழாக் கூட்டத்துக்குள் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது, காலை எடுத்தும் ரேஸ் இறங்காவிட்டால் என்ன ஆகும்? டிரைவர்கள் பயந்தது நியாயம்தான்.

அப்படி ஒருத்தர் வந்தார். “அண்ணே, கால எடுத்தாலும் ரேஸ் எறங்க மாட்டேங்குது. ரெண்டு ஸ்பிரிங் போட்டும் கேக்கல.” பார்த்தால், வண்டியோடு வந்த ரிட்டர்ன் ஸ்பிரிங் போதாதென்று சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒன்றையும் யாரோ மாட்டியிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி அதை முதலில் கழற்றி எறிந்தார். “ஸ்பிரிங்குல சீக்கு இல்லடா. எங்க சிக்குதுன்னு மொதல்ல கண்டுபுடி” என்றார்.

கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு, முதலில் காலடி மேட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பாதிக் கேஸ் அங்கேயே முடியும். அடுத்து, பெடலிலிருந்து வரும் ராடையோ கேபிளையோ கார்புரேட்டர் லீவரிலிருந்து கழற்றிவிட்டு, லீவரை விரலால் திறந்து விட வேண்டும். ‘டக்’கென்று மூடினால் கோளாறு பெடல் பக்கம். மூடவில்லையென்றால் கார்புரேட்டர் பக்கம். இரண்டும் சரியாக இருந்தும் ஓடும்போது மட்டும் சிக்கினால், இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்க வேண்டும். ரப்பர் கிழிந்த இன்ஜின் இழுவையில் எழும்பி ராடைத் தானே இழுத்துவிடும். எஸ்.யு. கார்புரேட்டரில் இன்னொரு குழப்பம் உண்டு. அதில் மேலே ஏறி இறங்கும் பிஸ்டன் சிக்கினால் வண்டி இழுக்காது. கீழே பட்டர்ஃப்ளைத் தகடு சிக்கினால் வண்டி அடங்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, பிஸ்டன் இருக்கும் டேஷ்பாட்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த டாக்சியில் லீவர் மூடியது. ஆனால் கடைசி நெல்லளவு மூடவில்லை. பட்டர்ஃப்ளையைத் தாங்கும் தண்டு சுழலும் துளையில் அந்தச் சிமெண்டுப் பசை இறுகியிருந்தது. கூடுதல் ஸ்பிரிங் தண்டை ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் துளையையும் நீள்வட்டமாக்கிவிட்டது. தகட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்குருவின் முனைகளும் பிளந்து விரிக்கப்பட்டிருக்கும், கழன்று இன்ஜினுக்குள் விழாமல் இருக்க. விரிந்ததை அரத்தால் ராவிவிட்டுத்தான் கழற்ற முடியும். துளையைப் பெட்ரோலில் கழுவி, நீள்வட்டமான இடத்துக்குப் புஷ் அடித்து, புதுத் தண்டு போட்டு, ஸ்குருவை முறுக்காமல் தகட்டை இரண்டு மூன்று முறை மூடி அதுவாக நடுவில் உட்கார விட வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மயிரிழை வளையம் தெரியும். வளையம் சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால்தான் மேஸ்திரி முறுக்கச் சொல்வார். கிரீஸ் வைக்க விடமாட்டார். கிரீஸ் தூசியைக் கூப்பிடும். பென்சில் கரித்தூள் போதும் என்பார்.

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 1985இல் தொடங்கிய யூகால் நிறுவனம், ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து தமிழ்நாட்டிலேயே கார்புரேட்டர் செய்ய ஆரம்பித்தது. சின்ன பானெட்டுக்குள் எல்லாம் நெருக்கம். கோளாறு ராடிலிருந்து கேபிளுக்கு மாறியது. உள்கம்பியில் ஓர் இழை பிரிந்தால் உறைக்குள் மாட்டிக்கொள்ளும். அதற்கு வைத்தியமே கிடையாது, புதுக் கேபிள்தான். 2000இல் புகை விதிகள் இறுகியதும் புதுக் கார்களில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்து கார்புரேட்டரை வெளியேற்றியது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடரும் நின்றது. இப்போது த்ராட்டில் பாடியில் கரி படிந்து சிக்குகிறது. பல வண்டிகளில் கேபிளே இல்லை. எங்கள் தொழில் அரை நூற்றாண்டுகூட முழுசாக நிற்கவில்லை. ஆனால் பாதியில் கழற்றிவிட்டு எந்தப் பக்கம் கோளாறு என்று பார்க்கும் அந்த முறை எந்த வண்டிக்கும் பொருந்தும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கினால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறினால் அலறட்டும். பிரேக்கைப் பம்ப் அடிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். வண்டி நின்ற பிறகு சாவியை அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. அப்புறம், சிக்குகிற இடத்தைத் தேடாமல் இன்னொரு ஸ்பிரிங் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.