வறட்சி எழுதிய ஏடுகள்

ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கிலுள்ள முர்சியா வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டரே. மழைமானி தோன்றுமுன் அங்கு நேர்ந்த வறட்சிகளை எவ்வாறு அறிகிறோம்? மழை பொய்த்தபோதெல்லாம் கத்தோலிக்கத் தேவாலயங்கள் மழைவேண்டல் வழிபாடு நிகழ்த்தின. துயர் பெருகப் பெருகச் சடங்கும் பெருகியது: முதலில் ஆலயத்துள் வேண்டுதல், பின்னர் வீதி ஊர்வலம், இறுதியில் திருத்தலப் பயணம். நகரமன்றமும் பேராலயமும் நாளிட்டுக் குறித்த அவ்வேடுகளே இன்று தட்பவெப்ப ஆய்வாளர்க்குச் சான்றுகள். வறட்சி விபத்தன்று, அந்நிலத்தின் இயல்பே என அவை உரைக்கின்றன.

அவ்வியல்பை உணர்ந்த வலென்சியா உழவர், வடக்கே, ஆற்றுநீரை விகிதத்தால் பங்கிட்டனர். ஆறு சுருங்கின் அனைவர் பங்கும் ஒருசேரச் சுருங்கும். பிணக்குகளை, வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாயிலில் கூடும் உழவர் நீர்மன்றம் வாய்மொழியாகவே தீர்க்கிறது. 1979இல் தாகுசு ஆற்றுநீர் கால்வாய்வழி முர்சியாவை எட்டியது. பாசனம் விரிந்தது, தேவையும் உடன் வளர்ந்தது. மழையை மிகுவித்தல் மனிதர்க்கு அரிது. குறைவை நேர்மையுடன் பகிர்தல் இயலும்.