நீலப் பெட்டிக்குள் ஒரு லினக்ஸ்

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு வயர்லெஸ் ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் டபிள்யூஆர்டி54ஜி. நீலமும் கருப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பின்னால் இரண்டு ஆன்டெனா. வீட்டில் இருக்கும் கணினிகளுக்கு இணைய இணைப்பைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்தப் பெட்டியே ஒரு கணினி என்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் நினைத்திருக்க மாட்டார்கள்.

2003 மார்ச்சில், சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸை வாங்கப்போவதாக சிஸ்கோ அறிவித்தது. அதே ஜூனில் லினக்ஸ் நிரலாளர்களிடையே ஒரு செய்தி பரவியது: அந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ்! அப்படியானால் மூல நிரல் எங்கே?

லினக்ஸை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஜிபிஎல் என்ற உரிமம் உண்டு. லினக்ஸைத் தன் பொருளில் வைத்து விற்பவர், தான் செய்த மாற்றங்களோடு அதன் மூல நிரலை வாங்கியவருக்கும் தர வேண்டும். ஒரு நிறுவனத்தை வாங்கினால் அதன் சொத்தோடு கடனும் சேர்ந்துதான் வரும். இருப்புநிலைக் குறிப்பில் எழுதப்படாத கடன் இது! சில வாரங்களில் மூல நிரல் வெளியானது.

அதை அடிப்படையாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. ரவுட்டரின் பெயரிலேயே பாதி அதில் இருக்கிறது. கம்பெனி போட்ட மென்பொருளை நீக்கிவிட்டு, வேண்டிய நிரல்களை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாம் பதிப்பு ரவுட்டரில் இருந்தது 200 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 16 எம்பி நினைவகம், 4 எம்பி ஃபிளாஷ். இது போதுமா? அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கத் தாராளமாகப் போதும். மேசைக் கணினியை இரவு பகலாக ஓடவிட்டால் கரண்ட் பில் எகிறும். இதற்குச் சில வாட் மின்சாரமே செலவு.

அடுத்து சால்டரிங் அயர்னோடு வந்தார்கள். போர்டில் சீரியல் போர்ட்டுக்கான இடம் காலியாகவே விடப்பட்டிருந்தது. அங்கே பின்களைப் பற்றவைத்து சென்சார்களை இணைத்தார்கள். முன்பக்க விளக்குகளை எரிய வைக்கும் கம்பித்தடங்களையே பயன்படுத்தி எஸ்டி கார்டைப் பொருத்தினார்கள். வேகம் குறைவுதான், ஆனால் 4 எம்பி பெட்டிக்கு அது பெரிய கிடங்கு.

2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் இல்லை. விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறி, நினைவகத்தை 8 எம்பியாகவும் ஃபிளாஷை 2 எம்பியாகவும் குறைத்தார்கள். லட்சக்கணக்கில் விற்கும் பொருளில், ஒவ்வொரு பெட்டியிலும் மிச்சமாகும் சிறு தொகைகூடப் பெரிய லாபம். ஆனால் லினக்ஸ் கேட்ட வாடிக்கையாளர்களையும் விட மனமில்லை. பழைய 16 எம்பி, 4 எம்பி அளவிலேயே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் வந்தது. 2016இலும் அது விற்பனையில் இருந்தது!

உரிமச் சிக்கல் அத்தோடு முடியவில்லை. லிங்க்சிஸ் பொருட்கள் பலவற்றில் ஜிபிஎல் மீறப்பட்டதாக 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் சமரசம் ஏற்பட்டது.

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்ப்பெரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். சென்சார் இணைப்பதற்கான பின்கள் போர்டின் மேலேயே இருந்தன, பெட்டியை உடைக்க வேண்டியதில்லை. 2013இல் வந்த ஆர்டுயினோ யூனில் ஓடிய லினக்ஸோ ஓப்பன்டபிள்யூஆர்டியின் வழிவந்தது.

பத்து வருடம் முன்பு மூடிய பெட்டியைத் திறந்து ஆட்கள் தேடியதைத்தான் இந்த போர்டுகள் கடையில் வைத்து விற்றன. அந்தப் பெட்டி திறந்ததற்குக் காரணம் எந்த நிறுவனத்தின் தாராள மனசும் அல்ல. உரிமத்தில் இருந்த ஒரு நிபந்தனையும், அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட சிலரும்தான்.