கறுப்புத் திரையை மறைத்த பிறகு

எழுதியவரின் மேசையில் பைத்தான் ஸ்கிரிப்ட் அருமையாக ஓடுகிறது. பொத்தானை அழுத்தினால் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன, பச்சைப் பட்டை நகர்கிறது. அதையே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டிப் பக்கத்து அறைக் கணினியில் போட்டதும், பட்டை பாதியில் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. "ஹேங் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஸ்கிரிப்டையே சந்தேகப்படுகிறார்கள். உண்மையில் இந்தக் கோளாறுக்கு நீண்ட பூர்வ கதை உண்டு.

கீடோ வான் ராஸம் ஆம்ஸ்டர்டாமில் எழுதிய பைத்தான் 1991இல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் தமது டிசிஎல் மொழிக்காக டிகே என்ற சன்னல் கருவித்தொகுப்பை உருவாக்கினார். இரண்டையும் இணைக்கும் டிகின்டரை ஸ்டீன் லும்ஹோல்ட்டும் வான் ராஸமும் எழுதினார்கள். எல்லாமே யூனிக்ஸில் வளர்ந்த பிள்ளைகள். யூனிக்ஸ்காரர் நிரலை டெர்மினலிலிருந்துதான் ஓட்டுவார். சன்னல் முன்னால் திறந்தாலும் டெர்மினல் பின்னால் காத்திருக்கும், பிழைகள் அங்கே வந்து விழும். அப்படி ஓர் இடம் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை நிரல்களுக்குள் சொல்லாமலே ஊறிவிட்டது.

பைத்தான் இல்லாத கணினியிலும் நிரல் ஓட வேண்டும் என்பதற்காக, பைத்தானின் மூலநிரலோடு 'ஃப்ரீஸ்' என்ற கருவி வந்தது. உறைய வைப்பது என்றே பெயர். அது ஸ்கிரிப்டை சி மொழிக் கோப்பாக மாற்றித் தரும். மிச்சத்தை சி கம்பைலர் பார்த்துக்கொள்ளும். கம்பைலர் இல்லாத விண்டோஸ்காரர்களுக்குத் ஸ்கிரிப்டை இஎக்ஸ்இயாகக் கட்டித் தரும் தாமஸ் ஹெல்லரின் பை2இஎக்ஸ்இ பெரிய வரமாக அமைந்தது. கார்டன் மெக்மில்லனின் இன்ஸ்டாலரிலிருந்து 2005இல் அதே வேலையைச் செய்யும் பைஇன்ஸ்டாலர் கிளைத்தது.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. விண்டோஸ் இஎக்ஸ்இ ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் ஒரு சின்ன எண் இருக்கிறது: 3 என்றால் கறுப்புக் கன்சோல் திரையோடு திறக்கும், 2 என்றால் அது இல்லாமல். அழகான சன்னலுக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி எதற்கு என்று எல்லோரும் 2ஐத் தேர்ந்தெடுத்தார்கள். திரையோடு சேர்ந்து நிரலின் வாயும் அடைபட்டது.

பைத்தான் 2 காலத்தில் அதன் விளைவு விசித்திரமாக இருந்தது. கன்சோல் இல்லாத நிரலில் பிரின்ட் கட்டளை உடனே தோற்காது. எழுத்துகள் ஒரு பஃபரில் சேரும். 4096 பைட் நிரம்பி வெளியே தள்ளும்போதுதான் பிழை எழும். அதனால் நிரல் சில நிமிடங்கள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு சாகும். பிழைதேட நான்கு பிரின்ட் கூடுதலாகச் சேர்த்தவருக்கு அது இன்னும் சீக்கிரம் செத்தது! எத்தனை பேர் இதில் இரவுகளைத் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஹெல்லர் இதை அறிந்திருந்தார். பை2இஎக்ஸ்இ கட்டிய சன்னல் நிரல்களில் சாதாரண வெளியீட்டை விழுங்க 'பிளாக்ஹோல்' என்ற வகுப்பு இருந்தது. பிழைகள் மட்டும் இஎக்ஸ்இக்குப் பக்கத்திலேயே ஒரு லாக் கோப்பில் பதிவாகும். நிரலை மூடும்போது, அந்தக் கோப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு சிறு பெட்டி எழும். எளிய ஏற்பாடுதான், ஆனால் பயன்படுத்துபவர்மேல் அக்கறை கொண்ட ஏற்பாடு.

2008இல் பைத்தான் 2.6, துணைச் செயல்முறைகளை ஓட்டும் மல்டிபிராசஸிங்கைக் கொண்டுவந்தபோது வேறொரு சிக்கல் சேர்ந்தது. விண்டோஸில் துணைச் செயல்முறை என்பது அதே இஎக்ஸ்இயை மறுபடி தொடங்குவதுதான். ஃப்ரீஸ்_சப்போர்ட் என்ற ஒரு வரியைத் தொடக்கத்தில் எழுதாவிட்டால், வேலை செய்ய வந்த துணையும் முழு நிரலாக எழுந்து இன்னொரு சன்னலைத் திறக்கும், அது இன்னொன்றை. கணினி திணறும்.

இன்று பைத்தான் 3இல், கன்சோல் இல்லாவிட்டால் வெளியீட்டு வாசலே 'நன்', அதாவது வெறுமை. பிரின்ட் சத்தமில்லாமல் போய்விடும். ஆனால் அந்த வாசலில் நேரடியாக எழுதும் நூலகம் அங்கேயே இடறும். அது பின்னணியில் இணையாக ஓடும் திரெட்டில் நடந்தால் திரெட் மட்டும் சாகும். பட்டை வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் சன்னலை மவுஸால் இழுத்துப் பார்ப்பார்கள். நகர்ந்தால், செத்தது திரெட். நகராமல் வெளுத்துப்போனால், முதன்மைத் திரெட்டே எதிலோ சிக்கியிருக்கிறது. அடுத்து, பைஇன்ஸ்டாலரில் கன்சோலை இயக்கி மறுபடி கட்டி, கமாண்ட் பிராம்ப்டிலிருந்து ஓட்டுவார்கள். பிழை பெரும்பாலும் கறுப்புத் திரையில் வரிசையாக வந்து நிற்கும். கன்சோல் இருந்தால் மட்டும் கோளாறு மறைந்துவிடுகிறது என்றால், வாசல் இல்லாததுதான் காரணம். அப்போது சாதாரண வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் ஒரு கோப்புக்குத் திருப்ப வேண்டும். 2012இல் பைத்தான் 3.3 தந்த ஃபால்ட்ஹேண்ட்லரை வைத்தால், குறித்த விநாடிகளுக்குப் பிறகு எந்தத் திரெட் எந்த வரியில் நிற்கிறது என்று அது எழுதிக் கொடுக்கும். அதற்கும் ஒரு கோப்பைத் திறந்து கையில் கொடுக்க வேண்டும். தானாகத் தேடிப் போகும் பிழை வாசல் அங்கே இல்லை.