வல்லநாட்டு வெளிமான்களை எண்ணுவது எப்படி?

ஆழ்வார்திருநகரிக்கு வருபவர்கள் உறங்காப்புளியைப் பார்ப்பார்கள், மற்ற நவதிருப்பதிகளையும் சேவித்துவிட்டுக் கிளம்புவார்கள். அங்கிருந்து தாமிரபரணியோடு மேற்கே போனால் திருநெல்வேலி - தூத்துக்குடி சாலையில் வல்லநாடு வரும். வல்லநாடு என்றாலே கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன்தான் நினைவுக்கு வருவார். அந்த ஊர் மலையடிவாரத்தில் வெளிமான்கள் வாழ்வது பலருக்குத் தெரியாது!

1987-ல் சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பை அரசு வெளிமான் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான். (சரியாகச் சொன்னால் வெளிமான் மான் குடும்பமே அல்ல, மாட்டுக் குடும்பம். அதன் கொம்பு கிளை விடாது, உதிராது. ஊரில் யாரும் அதை மாடு என்று சொல்லப்போவதில்லை, அது வேறு விஷயம்.)

சரி, அங்கே எத்தனை மான்கள் இருக்கின்றன? கேள்வி சின்னதுதான். பதில்தான் பெரிய சிக்கல்.

பழைய காலத்தில் உயிரோடு இருப்பதை யாரும் எண்ணவில்லை, கொன்றதைத்தான் எண்ணினார்கள். முகலாய மன்னர் ஜஹாங்கீர் ஐம்பது வயது வரை தன் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அதில் தன் கையால் கொன்றவை 17,167 என்றும் கணக்கு எழுதி வைத்தார். காட்டில் மிச்சம் எத்தனை என்பதற்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவில் 40 லட்சம் வெளிமான்கள் இருந்ததாகப் புத்தகங்களில் வருகிறதே, அதுவும் ஊகம்தான்.

ஒரு எண் என்ன செய்யும் என்பதற்கு மணிப்பூரின் சங்காய் மான் நல்ல உதாரணம். அழிந்தே போய்விட்டது என்று 1951-ல் முடிவு கட்டினார்கள். 1953-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். 1975-ல் எண்ணியபோது கிடைத்தது வெறும் 14! இரண்டே வருடத்தில் அந்தச் சதுப்பு நிலம் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவானது. 2016 கணக்கெடுப்பில் 260.

எண்ணுவதற்கு வழிகள் பல. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-ல் மீன்களில் அடையாளமிட்டுப் பார்த்தார். 1930-ல் அமெரிக்காவின் லிங்கன் அதே கணக்கை வாத்துகளுக்குப் போட்டார். ஒரு பேச்சுக்கு 20 மான்களுக்கு அடையாளம் வைத்து விட்டுவிடுகிறோம். பிறகு 30 மான்களைப் பார்க்கிறோம், அதில் அடையாளம் உள்ளவை 6. அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் மொத்தம் சுமார் 100. அழகான கணக்கு! ஆனால் வெளிமானைப் பிடித்தால் பயத்திலும் அதிர்ச்சியிலுமே அது செத்துப்போகலாம். எண்ணப் போய்க் கொன்றுவிடக் கூடாதே.

அதனால் பிடிக்காமல் எண்ணும் முறை வந்தது. நேர்கோட்டில் நடக்க வேண்டும், கண்ணில் படும் ஒவ்வொரு மானும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறிக்க வேண்டும். தூரம் கூடக்கூடப் பார்வைக்குத் தப்புபவையும் கூடும். எந்த அளவில் கூடுகிறது என்பதை வைத்து, தப்பியவை எத்தனை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்தும் மெல்வின் சன்க்விஸ்டும் இப்படித்தான் மான்களின் அடர்த்தியைக் கணக்கிட்டு 1992-ல் வெளியிட்டார்கள்.

வல்லநாடு சின்ன இடம்தானே, நேராகவே எண்ணிவிடலாமே என்று தோன்றும். பகுதி பகுதியாகப் பிரித்து ஒரே காலையில் ஆட்களை அனுப்பினால் போதாதா? கடையில் சரக்கிருப்பு எடுப்பது போலத்தான். ஆனால் இங்கே சரக்கு நாலுகால் பாய்ச்சலில் ஓடும். ஒரு குழு எண்ணிய கூட்டத்தையே அடுத்த குழுவும் எண்ணிவிடலாம். கறுத்த கிடா தூரத்திலேயே தெரியும், பழுப்பு நிறப் பெட்டைகள் காய்ந்த புல்லோடு புல்லாக நிற்கும். பிறந்த குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கொள்ளும். உடைமரங்களும் முள்ளும் வேறு கண்ணை மறைக்கும்.

மான்களுக்கு எல்லைக் கல்லும் தெரியாது. மேய்ச்சலுக்காக வெளியே பட்டா நிலத்துக்குள் போய்விட்டால் அன்றைய கணக்கில் அவை இல்லை.

போன வருடம் 100, இந்த வருடம் 80 என்று வைத்துக்கொள்வோம். இருபது மான்கள் நாய்க்கும் வண்டிக்கும் பலியானதா, அல்லது கண்ணில் படவில்லையா? கூட இருபது, குறைய இருபது என்ற பிழை வரம்பையும் சேர்த்து எழுதினால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். பெரிய காடாக இருந்தால் இருபது ஒரு பொருட்டில்லை. இங்கே அது ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்திலிருந்து வந்து சேர வேறு கூட்டமும் இல்லை.